பிஎல்ஏவும் பிஎச்பியும் படிகமாக எதைச் சேர்க்கலாம்? டால்க் முதல் பிடிஎல்ஏ வரை ஓர் ஒப்பீடு

மக்கும் பிளாஸ்டிக் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பிஎல்ஏ, அதாவது பாலிலாக்டிக் அமிலம். அதில் செய்த குவளையில் கொதிநீரை ஊற்றினால் குவளை தொய்ந்துவிடும். 55 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே அது விறைப்பை இழந்து இளகிவிடுகிறது. அதே பிஎல்ஏவை நன்றாகப் படிகமாக்கிவிட்டால் 100 டிகிரி வரையிலும், சில சமயம் அதற்கு மேலும், வடிவம் கெடாமல் நிற்கும். பொருள் மாறவில்லை, அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

அந்த ஒழுங்கு வருவதற்கு பிஎல்ஏ எடுத்துக்கொள்ளும் நேரம்தான் தொல்லை. எதுவும் சேர்க்காத பிஎல்ஏவை அதற்கு மிகவும் தோதான 100 முதல் 120 டிகிரி வெப்பநிலையில் வைத்தாலும் பாதிப் படிகமாகவே பல நிமிடங்கள் பிடிக்கும். இன்ஜெக்‌ஷன் மோல்டிங், அதாவது உருகலை அச்சுக்குள் செலுத்தி வார்க்கும், எந்திரத்தில் ஒரு பொருளுக்குக் கிடைப்பதோ சில பத்து விநாடிகள். இந்த இடைவெளியை அடைக்கத்தான் சேர்மானங்கள். டால்க் என்ற கனிமத் தூள், அமைடுகள், பிஎல்ஏவின் கண்ணாடிப் பிம்ப வடிவமான பிடிஎல்ஏ, சிட்ரேட், துத்தநாக உப்பு என்று பட்டியல் நீளமானது. ஆய்வுக் கட்டுரைகளில் ஒவ்வொன்றும் தன்னளவில் வெற்றி பெற்றதாகவே தெரியும். எந்தச் சேர்மானம் மிக வேகமானது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது சரியான வழி இல்லை என்பது என் கருத்து. உங்கள் அச்சு எவ்வளவு சூடாக இருக்க முடியும், பொருள் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பட்டியலில் பாதி தானாகவே கழிந்துவிடும். பிஎச்பி என்ற மற்றொரு மக்கும் பிளாஸ்டிக்கைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் பார்க்க வேண்டியது பிஎல்ஏவைத்தான்

படிகமாதலில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலில் கரு உண்டாக வேண்டும். அப்புறம் அந்தக் கருவைச் சுற்றிச் சங்கிலிகள் வந்து அடுக்காக வளர வேண்டும். வெப்பநிலை உருகுநிலைக்கு அருகில் இருந்தால் கரு உண்டாகாது. மிகவும் தாழ்ந்துவிட்டால் சங்கிலிகளால் நகர முடியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய இடத்தில்தான் வேலை வேகமாக நடக்கும். நியூக்ளியேட்டர்கள், அதாவது கரு உண்டாக்கும் சேர்மானங்கள், முதல் வேலைக்கு உதவுகின்றன; பிளாஸ்டிசைசர்கள், அதாவது இளக்கும் சேர்மானங்கள், இரண்டாவதற்கு. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் எதிர்பார்ப்பதால்தான் பல சோதனைகள் வீணாகின்றன.

சேர்மானத்தை வாங்குவதற்கு முன் உங்களிடம் உள்ள பிஎல்ஏவின் டி-லாக்டிக் பங்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லாக்டிக் அமிலத்துக்கு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான எல், டி என்ற இரண்டு வடிவங்கள் உண்டு. பிஎல்ஏ சங்கிலியில் எல் வடிவ அலகுகளுக்கு நடுவே டி வடிவ அலகுகள் வரும் ஒவ்வொரு இடமும் அடுக்கில் ஒரு பிசகு. டி பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே இருக்கும் ரகங்கள் 175 டிகிரி வாக்கில் உருகும், வேகமாகப் படிகமாகும். 4 சதவீதம் இருந்தால் உருகுநிலை 150 அருகே இறங்கிவிடும், படிகமாகும் வேகமும் வெகுவாகக் குறையும். 12 சதவீதத்துக்கு மேல் போனால் அது படிகமே ஆகாது. அப்படிப்பட்ட ரகத்தில் எவ்வளவு விலையுயர்ந்த நியூக்ளியேட்டரைக் கொட்டினாலும் பலன் இருக்காது. ஃபிலிமுக்கென்று வாங்கிய ரகத்தை அப்படியே மோல்டிங்குக்குத் திருப்பிவிட்டு, "டால்க் வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கிறது. நல்ல ரகத்துக்கு மாறுவது எந்தச் சேர்மானத்தையும்விடப் பெரிய மாற்றத்தைத் தரும்.

டால்க்: மற்றவை தாண்ட வேண்டிய கோடு

டால்க் மலிவானது, எளிதில் கிடைப்பது, நன்றாக வேலை செய்வது. எடையில் 1 சதவீதம் சேர்த்தாலே 110 டிகிரி வாக்கில் பாதிப் படிகமாகும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் கீழே வந்துவிடுகிறது. நொடிக்கணக்கில் வேகமான வேறு பொருள்கள் உண்டு. ஆனாலும் எந்தப் புதிய சேர்மானத்தையும் டால்க்கோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிட வேண்டும், வெறும் பிஎல்ஏவோடு ஒப்பிடக் கூடாது. வெறும் பிஎல்ஏவை முந்துவது யாருக்கும் எளிது. ஒரு விற்பனையாளர் காட்டும் வரைபடத்தில் டால்க் கோடு இல்லையென்றால், அதைக் கேட்டு வாங்குங்கள்.

துகளின் அளவு முக்கியம். பருமனான டால்க்கைவிட ஓரிரு மைக்ரான் அளவிலான மெல்லிய தகடுகள் அதே எடைக்கு அதிகப் பரப்பைத் தரும், அதிகக் கருக்களும் உண்டாகும். அளவைக் கூட்டிக்கொண்டே போவதால் வேகம் அதே விகிதத்தில் கூடுவதில்லை, ஓரிரு சதவீதத்துக்கு மேல் ஏற்றம் மெல்ல மெல்லக் குறைகிறது. சூடான பான மூடிகளிலும் கரண்டிகளிலும் 20 முதல் 30 சதவீதம் வரை டால்க் அல்லது சுண்ணாம்புக்கல் தூள் இருப்பது கருக்களுக்காக மட்டும் அன்று. விறைப்புக்காகவும் விலையைக் குறைப்பதற்காகவும்தான் அவ்வளவு போடுகிறார்கள்.

குறைகளும் உண்டு. முதலாவது, பளிங்கு போன்ற தெளிவு போய்விடும். பிஎல்ஏவும் டால்க்கும் ஒளியை வேறு வேறு அளவில் வளைப்பதால் பொருள் பால் வெண்மையாகும். இரண்டாவது, ஈரம். டால்க்கோடு வரும் ஈரம் உருகிய பிஎல்ஏவின் சங்கிலிகளை அறுக்கும், அதனால் பிஎல்ஏவையும் சேர்மானத்தையும் சேர்த்தே உலர்த்த வேண்டும். பத்து லட்சத்தில் 250 பங்குக்கும் கீழே ஈரம் இருக்க வேண்டும் என்பது பிஎல்ஏ பதப்படுத்துவோர் பரவலாகப் பின்பற்றும் அளவு. மூன்றாவது, தூசி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-ல் டால்க்கை 2ஏ வகையில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருள்களில், சேர்த்தது. பிளாஸ்டிக்குக்குள் பொதிந்துவிட்ட டால்க் காற்றில் பறக்கப் போவதில்லை, ஆனால் மூட்டையைப் பிரித்துக் கொட்டுபவரின் நுரையீரல் நம் கணக்கில் வந்தாக வேண்டும். தூளாக வாங்காமல், பிளாஸ்டிக்கில் முன்பே செறிவாகக் கலந்த மாஸ்டர்பேட்ச் குருணையாக வாங்குவது கொஞ்சம் செலவு கூடினாலும் அதையே நான் பரிந்துரைப்பேன்.

சோடியம் ஸ்டியரேட், கால்சியம் லாக்டேட் போன்ற எளிய உப்புகளையும் டால்க்குக்கு மாற்றாக முயன்று பார்த்திருக்கிறார்கள். டால்க்குக்குப் பக்கத்தில்கூட அவை வரவில்லை. காரத்தன்மை உள்ளவை பிஎல்ஏ சங்கிலியை அறுத்துவிடும் ஆபத்தும் உண்டு. இவற்றில் நேரம் செலவிட வேண்டாம்.

கரிம நியூக்ளியேட்டர்கள்

அமைடுகளும் ஹைட்ரஸைடுகளும் இந்த வகையில் வருகின்றன. எத்திலீன் பிஸ்-ஸ்டியராமைடு எல்லோருக்கும் தெரிந்த மசகுப் பொருள், ஓரளவு கருவும் தரும். பென்சீன் டிரைகார்பாக்ஸமைடு வகையைச் சேர்ந்தவை இன்னும் திறமையானவை. இவை சூடான உருகலில் கரைந்துவிடும். ஆறும்போது பிஎல்ஏ படிகமாவதற்கு முன்பே மெல்லிய ஊசிகளாகப் பிரிந்து நிற்கும். அந்த ஊசிகளின் மேல் பிஎல்ஏ செங்குத்தாக அடுக்கடுக்காக வளரும். கரைந்து மீண்டும் பிரிவதால் இவை எந்தக் கலவை எந்திரத்தாலும் முடியாத அளவுக்குச் சீராகப் பரவுகின்றன. 0.3 முதல் 0.5 சதவீதமே போதும்.

அந்தக் கரைதல்தான் அவற்றின் பலவீனமும். உருகல் போதுமான அளவு சூடாகவில்லை என்றால் முழுதாகக் கரையாமல் பருமனான துகள்களாக நின்றுவிடும். சூட்டைக் கூட்டினால் பிஎல்ஏ சிதையத் தொடங்கும். ஒரே சேர்மானம் ஓர் எந்திரத்தில் அருமையாகவும் அடுத்த எந்திரத்தில் சுமாராகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். எந்திரத்தில் பிஎல்ஏ உருகும் பீப்பாயின் வெப்பநிலையை 10 டிகிரி மாற்றினாலே முடிவு மாறும். நீண்ட ஓட்டங்களில் அமைடுகள் அச்சின் மேல் படிந்து மெழுகு போன்ற படலமாகத் தங்குவதும் உண்டு, துடைப்பதற்காக எந்திரத்தை நிறுத்த வேண்டியிருக்கும்.

தெளிவு வேண்டும் என்றால் இந்த வகையை விட்டால் வேறு நல்ல வழி அதிகம் இல்லை. கருக்கள் ஏராளமாக இருந்தால் ஒவ்வொரு படிகக் கொத்தும் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியதாகவே வளர்ச்சி முடிந்துவிடும், ஒளி சிதறாமல் கடந்துபோகும்.

ஓரோடிக் அமிலத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். உயிரினங்களின் செல்களில் இயல்பாக உள்ள இந்தச் சேர்மம் 0.3 சதவீத அளவிலேயே பிஎல்ஏவை விரைவாகப் படிகமாக்குகிறது. அமிலம் என்பதால் உருகலில் மூலக்கூறு எடை குறைகிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். மக்கிப் போக வேண்டிய பொருளுக்குள் உயிரினத்துக்குப் பழக்கமான ஒன்றைச் சேர்ப்பது எனக்குப் பிடித்த அணுகுமுறை.

வேகமான ஒன்று, மட்கும் இடத்தில் தோற்பது

துத்தநாக ஃபீனைல்ஃபாஸ்ஃபோனேட் பிஎல்ஏவுக்கான மிகத் திறமையான நியூக்ளியேட்டர்களில் ஒன்று. வேகத்தை மட்டும் பார்த்தால் அதைத் தேர்ந்தெடுக்கத்தான் தோன்றும். ஆனால் பொருள் தொழில்முறை உரக்கிடங்குக்குப் போக வேண்டும், அதற்கான சான்றிதழ் வேண்டும் என்றால் கணக்கு போட்டுப் பாருங்கள்.

ஐரோப்பியத் தரநிலையான இஎன் 13432, மட்கும் பொதிகளில் துத்தநாகம் கிலோவுக்கு 150 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. துத்தநாக ஃபீனைல்ஃபாஸ்ஃபோனேட்டின் எடையில் ஏறத்தாழ 27 சதவீதம் துத்தநாகம். பிஎல்ஏவில் அதை 1 சதவீதம் சேர்த்தால் ஒரு கிலோவில் 10 கிராம், அதில் துத்தநாகம் 2,700 மில்லிகிராம். வரம்பைப் போல 18 மடங்கு. வரம்புக்குள் நிற்க வேண்டுமானால் 0.05 சதவீதத்துக்கு இறக்க வேண்டும், அவ்வளவு குறைவில் அதன் வேகத்தை நம்ப முடியாது. மட்காத, நீண்டகாலம் உழைக்க வேண்டிய பிஎல்ஏ பாகங்களுக்கு, உதாரணமாக மின்சாதன உறைகளுக்கு, இது நல்ல தேர்வாக இருக்கலாம். உணவுத் தட்டுக்கும் மூடிக்கும் இதைப் போட வேண்டாம்.

இதே தரநிலை டால்க்கையும் ஓர் இடத்தில் பிடிக்கும். சில பாறைகளிலிருந்து எடுக்கப்படும் டால்க்கில் நிக்கல் கலந்திருக்கும், நிக்கலுக்கான வரம்போ கிலோவுக்கு 25 மில்லிகிராம்தான். 1 சதவீத டால்க்கில் இது பெரிதாகத் தெரியாது. 25 சதவீதம் போடும்போது தெரியும். எந்தச் சுரங்கத்து டால்க், நிக்கல் அளவு என்ன என்ற ஆய்வறிக்கையை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

கரிமச் சேர்மானங்களுக்கு விதி வேறு. 1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்தச் சேர்மம் மக்கும் என்று தனியே நிரூபிக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் வேண்டாம், ஆனால் அப்படி விலக்குப் பெற்றவை எல்லாம் சேர்ந்து 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 0.5 சதவீத அமைடு இந்தச் சலுகைக்குள் அடங்கிவிடுகிறது. 10 சதவீத பிளாஸ்டிசைசர் அடங்காது.

படிகத்தன்மை கூடினால் மட்கும் வேகம் குறையும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். நீர் முதலில் அடுக்கு இல்லாத பகுதிகளில் நுழைந்துதான் சங்கிலிகளை அறுக்கிறது. மெல்லிய தட்டுக்கு இது பொருட்டாகாது, தடித்த கரண்டிக் காம்பு 12 வாரச் சிதைவுச் சோதனையில் திணறலாம். தேவைக்கு மேல் படிகமாக்குவதில் லாபம் இல்லை.

பிடிஎல்ஏ: பிஎல்ஏவுக்கு பிஎல்ஏவே மருந்து

எல் வடிவச் சங்கிலிகளும் டி வடிவச் சங்கிலிகளும் அருகருகே வந்தால் இரண்டும் சேர்ந்து வேறொரு படிகமாக அமைகின்றன. ஜப்பானில் இகாடா குழுவினர் 1987-ல் இதை வெளியிட்டார்கள். இந்தக் கூட்டுப் படிகத்தின் உருகுநிலை 220 முதல் 230 டிகிரி, சாதாரண பிஎல்ஏவைவிட 50 டிகிரி அதிகம். சாதாரண பிஎல்ஏவில் டி வடிவ பிஎல்ஏவான பிடிஎல்ஏவைச் சில சதவீதம் கலந்தால் உருகல் ஆறும்போது கூட்டுப் படிகங்கள் முதலில் தோன்றி மற்றதற்குக் கருவாகின்றன.

கருவுக்கும் சுற்றியுள்ள பொருளுக்கும் வேதியியலில் வேறுபாடு இல்லை. உலோகம் இல்லை, கசிவு இல்லை, அச்சில் படிவு இல்லை. கோட்பாட்டளவில் இதைவிடச் சுத்தமான தீர்வு கிடையாது. நடைமுறையில் பிடிஎல்ஏ விலை அதிகம், கிடைக்கும் இடங்களும் குறைவு. உருகலின் பிசுபிசுப்பு கூடுவதால் மெல்லிய சுவர்களை நிரப்ப அழுத்தம் அதிகம் தேவைப்படும். கலக்கும் வெப்பநிலை, பிடிஎல்ஏவின் மூலக்கூறு எடை இரண்டையும் பொறுத்துப் பலன் ஏறி இறங்கும். சேர்மானப் பட்டியலே தொல்லையாகிவிடும் மருத்துவப் பொருள்களுக்கு இதை முதலில் யோசிக்கலாம். தினமும் லட்சக்கணக்கில் வார்க்கும் மூடிகளுக்கு டால்க்கே போதும்.

அச்சை எவ்வளவு சூடாக்க முடியும்?

இதுவரை சொன்ன எதுவும் குளிர்ந்த அச்சில் பெரிதாகப் பலிக்காது. அச்சு 30 டிகிரியில் இருந்தால் உருகல் படிகமாகக்கூடிய வெப்பநிலை மண்டலத்தைச் சில நொடிகளில் கடந்து உறைந்துவிடும். கருக்கள் இருக்கும், வளர அவகாசம் இருக்காது. டால்க் போட்ட பிஎல்ஏவுக்கு அச்சு 90 முதல் 110 டிகிரி வரை இருக்க வேண்டும். அதற்கு எண்ணெய் அல்லது அழுத்தநீர் சூடேற்றி தேவை. போதிய அளவு படிகமாகும் முன் பொருளை வெளியே தள்ளினால் தள்ளும் ஊசி பொருளுக்குள்ளேயே இறங்கிவிடும்.

அச்சை அவ்வளவு சூடாக்க வசதி இல்லாதவர்கள் பிளாஸ்டிசைசரை நாடுகிறார்கள். பாலிஎத்திலீன் கிளைகாலோ சிட்ரேட் எஸ்டரோ 5 முதல் 10 சதவீதம் சேர்த்தால் சங்கிலிகள் தாழ்ந்த வெப்பநிலையிலும் நகரும், படிகமாகும் மண்டலம் கீழே இறங்கும், அச்சையும் அதற்கேற்பக் குறைக்கலாம். டால்க்கும் பிளாஸ்டிசைசரும் சேர்ந்த கலவை இரண்டும் தனித்தனியே தருவதைவிட வேகமானது. ஆனால் பிளாஸ்டிசைசர் விறைப்பைக் குறைக்கும், நாளடைவில் மேற்பரப்புக்குக் கசிந்து வரும். படிகங்கள் வளரும்போது அவற்றுக்குள் இடம் இல்லாமல் வெளியே தள்ளப்படுவதால் கசிவு இன்னும் மோசமாகும். வெப்பம் தாங்குவதற்காகப் படிகமாக்கிவிட்டு, இளக்கும் பொருளையும் அதிலேயே சேர்ப்பது ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவது. சூடேற்றிக்கு ஒருமுறை செலவு செய்வதே மேல் என்பது என் எண்ணம்.

நானோ செல்லுலோஸ், கார்பன் நானோகுழாய் பற்றிச் சுருக்கமாக. செல்லுலோஸ் நீரை விரும்பும், பிஎல்ஏ விரும்பாது. மேற்பரப்பை மாற்றாமல் போட்டால் கட்டி கட்டியாகத் திரளும். வலுவூட்ட நல்லது, நியூக்ளியேட்டர் என்ற முறையில் டால்க்கைத் தாண்டுவதில்லை. கார்பன் நானோகுழாய் வேலை செய்யும், ஆனால் கறுப்பாக்கும், மக்காது. மண்ணுக்குத் திரும்ப வேண்டிய பொருளில் அதைச் சேர்க்கக் கூடாது.

பிஎச்பி வேறு கதை

பாக்டீரியாக்கள் உடலுக்குள் சேமித்து வைக்கும் பாலிஹைட்ராக்ஸிபியூட்டிரேட்டை, அதாவது பிஎச்பியை, பிரான்ஸில் லெமோய்ன் 1920-களில் கண்டறிந்தார். பாக்டீரியா செய்வதால் சங்கிலியில் பிசகே கிடையாது, எளிதாகவும் அடர்த்தியாகவும் படிகமாகும். ஆனால் வினையூக்கி மிச்சம் போன்ற அந்நியத் துகள்கள் இல்லாத அளவுக்குச் சுத்தமாக இருப்பதால் கருக்கள் மிகக் குறைவு. அதனால் சில கருக்களே பெரிய பெரிய வட்டக் கொத்துகளாக வளர்கின்றன, ஆறும்போது அந்தக் கொத்துகளுக்குள்ளேயே விரிசல் விழுகிறது. இங்கே தேவை அதிகப் படிகத்தன்மை இல்லை, சிறிய, நிறைய கொத்துகள். பிளாஸ்டிசைசரைவிட நியூக்ளியேட்டர்தான் இங்கே முதல் மருந்து.

போரான் நைட்ரைடு 1 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு என்பது நெடுநாள் வழக்கம். பொதுவாக டால்க்கை முந்துகிறது, விலையும் அதற்கேற்ப அதிகம். உயிரினங்களின் மரபுப் பொருளில் உள்ள யுராசில், தைமின் போன்றவையும் பிஎச்பியிலும் அதன் இணைபாலிமர்களிலும் நன்றாக வேலை செய்கின்றன. சாக்கரினையும் ஒரு காலத்தில் சோதித்திருக்கிறார்கள். ஹெக்ஸனோயேட் அலகு கொண்ட இணைபாலிமரான பிஎச்பிஎச் மெதுவாகப் படிகமாகி எந்திரத்தில் ஒட்டும். அதற்குப் பென்டாஎரித்ரிட்டாலோ, உயர்ந்த உருகுநிலை கொண்ட பிஎச்பியையே சிறிதளவோ கருவாகக் கலக்கலாம். என்னைக் கேட்டால் யுராசிலில் தொடங்கி, போதாவிட்டால் மட்டும் போரான் நைட்ரைடுக்குப் போகச் சொல்வேன். மண்ணில் கரைந்து மறையும் ஒன்று முதலில் வாய்ப்புப் பெறட்டும்.

எந்த நியூக்ளியேட்டராலும் தீராத ஒரு குறை பிஎச்பிக்கு உண்டு. அதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, அதாவது சங்கிலிகள் நகரத் தொடங்கும் வெப்பநிலை, 0 முதல் 5 டிகிரிதான். அறை வெப்பநிலையில் வைத்திருக்கும்போதே சங்கிலிகள் மெல்ல மெல்ல மேலும் படிகமாகிக்கொண்டே போகும். அச்சிலிருந்து வந்த அன்று வளையும் பொருள் சில வாரங்களில் ஒடியும். ஆகவே பிஎச்பி மாதிரிகளை வார்த்த அன்றே சோதித்து முடிவெடுக்காதீர்கள், ஒரு மாதம் வைத்திருந்து மறுபடியும் இழுத்துப் பாருங்கள். உருகும் 175 முதல் 180 டிகிரிக்குச் சற்று மேலேயே அது சிதையத் தொடங்குவதால், சேர்மானத்தைக் கரைக்கச் சூட்டைக் கூட்டும் வழியும் இங்கே அடைபட்டிருக்கிறது.

வாங்குவதற்கு முன் டிஎஸ்சி வரைபடத்தைப் படியுங்கள்

சேர்மானம் வேலை செய்ததா என்பதை டிஎஸ்சி, அதாவது சூடாக்கும்போது ஒரு மாதிரி எவ்வளவு வெப்பத்தை ஏற்கிறது, விடுகிறது என்று அளக்கும் எந்திரம், சொல்லும், ஆனால் அதைச் சரியாகக் கேட்க வேண்டும். வார்த்த பொருளிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டிச் சூடாக்குகிறீர்கள். 160 டிகிரிக்கு மேல் உருகும் உச்சி ஒன்று தெரிகிறது, உதாரணமாக கிராமுக்கு 38 ஜூல். முழுப் படிக பிஎல்ஏவுக்கு 93 ஜூல் என்று வைத்துக்கொண்டு வகுத்தால் 41 சதவீதம். பிரமாதம் என்று தோன்றும். இப்போது அதே வரைபடத்தில் 100 டிகிரி அருகே எதிர்ப்பக்கம் பாருங்கள். அங்கே 30 ஜூலுக்கு ஓர் உச்சி இருந்தால், அந்தப் படிகங்கள் உங்கள் அச்சில் உண்டானவை அல்ல, டிஎஸ்சி எந்திரத்தில் சூடாக்கும்போது உண்டானவை. கழித்தால் மிஞ்சுவது 8 ஜூல், ஏறத்தாழ 9 சதவீதம். அந்தக் குவளை கொதிநீரில் தொய்யும். 25 சதவீத டால்க் இருந்தால் 93-ஐ 0.75-ஆல் பெருக்கிவிட்டு வகுக்க வேண்டும், டால்க் உருகுவதில்லை. விற்பனையாளர் தரும் படிகத்தன்மை எண்ணில் இந்தக் கழித்தலும் பெருக்கலும் நடந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். எண் வந்த மாதிரி எந்த அச்சு வெப்பநிலையில், எத்தனை விநாடியில் வார்க்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் எந்திரத்தால் எட்ட முடியாத நிலையில் எடுத்த எண் உங்களுக்குப் பயன்படாது.